ஊருக்குப் போனால் யார் இருக்கிறார்கள்?

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஒரு கூட்டம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸைப் பற்றி அமெரிக்கர்களுக்கு எடுத்துச் சொல்ல வந்த பேச்சாளரிடம் ஒரு பிலிப்பினோ விவசாயி எழுந்து கேட்கிறார்: நம் ஊர்ப் பெண்கள் இருபது வருஷத்துக்கு முன்னால் இருந்த மாதிரியேதான் இருக்கிறார்களா? உதட்டுச் சாயமும் நகப்பூச்சும் வந்துவிட்டன, மனசு மட்டும் மாறவில்லை என்று பேச்சாளர் இதமாக ஒரு பதில் சொல்லிச் சமாளிக்கிறார். மறுநாள் அந்த விவசாயி, பெயர் ஃபாபியா, அவரைத் தன் பண்ணைக்கு அழைத்துப் போகிறார். வீடெங்கும் ஆப்பிள் வாசனை. அன்பான அமெரிக்க மனைவி, ஒரு மகன். அங்கே மங்கிப்போன புகைப்படம் ஒன்றும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் உடையில் ஒரு பெண். முகம் சரியாகத் தெரியவில்லை. யார் அவள்? ஃபாபியாவுக்கே தெரியாது. சிகாகோவில் ஓர் அறையில் எப்போதோ கிடைத்த படம் அது.

விடைபெறும்போது பேச்சாளர், ஊருக்குப் போனால் உங்கள் வீட்டாரைப் பார்த்துச் சொல்லட்டுமா என்கிறார். வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார் ஃபாபியா. தன்னை நினைவில் வைத்திருக்க அங்கே யாருமில்லையாம்.

பியன்வெனிடோ சாண்டோஸ் எழுதிய 'ஆப்பிள்களின் வாசனை' என்ற சிறுகதை இது. பயண எழுத்தென்றால் கண்ட இடங்களின் வர்ணனை என்று பழகியவர்களுக்கு இப்படிப்பட்ட கதைகள் கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். வழிச்செலவு எவ்வளவு, எங்கே தங்கினார்கள் என்பதெல்லாம் இவற்றில் அநேகமாக இராது. போனவனுக்குத் திரும்ப ஓர் இடம் இருக்கிறதா என்பதிலேயே கதை நிற்கும். போனவனின் மனதில் ஊர் அப்படியே இருக்கிறது. ஊரின் மனதில் அவன் அப்படியே இருக்கிறான். இரண்டுமே உண்மையில்லை. இந்த இரண்டு பொய்களும் ஒருநாள் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருப்பதுதான் சங்கடம்.

சாண்டோஸுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. 1941-ல் அரசு உதவித்தொகையில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், போர் மூண்டதால் மனைவி மக்களைப் பிரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். நாடுகடந்த பிலிப்பைன்ஸ் அரசு அவரை ஊர் ஊராக அனுப்பிப் பேசவைத்தது. போர் முடிந்து வீடு திரும்பினார். 1972-ல் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது மறுபடியும் அமெரிக்காவில் இருந்தார்; மறுபடியும் திரும்ப முடியவில்லை. கான்ஸஸ் மாநிலத்து விச்சிட்டா பல்கலைக்கழகத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்து, 1976-ல் அமெரிக்கக் குடிமகனும் ஆகி, கடைசியில் 1996-ல் பிலிப்பைன்ஸின் அல்பாய் மாகாணத்தில் இருந்த தம் வீட்டில் காலமானார்.

இந்தச் சங்கடத்துக்கு வயது அதிகம். 1882 மே மாதம், பின்னாளில் நாவலாசிரியரான இருபது வயது ஹொசே ரிஸால் மணிலாவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். வழியில் சிங்கப்பூர், காலி, கொழும்பு. கொழும்பைப் பார்த்தவர், சிங்கப்பூர், காலி, மணிலா மூன்றையும்விட இது அழகு என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். புறப்பட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. சொந்த நகரம் ஒப்பீட்டில் தோற்கத் தொடங்கிவிட்டது! 1887-ல் பெர்லினில் அவர் அச்சிட்ட 'நோலி மே தாங்கெரே' நாவலின் நாயகன் இபாரா, ஏழு வருஷம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வருகிறான். மணிலாவின் தாவரத் தோட்டத்தைக் கடக்கும்போது ஐரோப்பியத் தோட்டங்கள் குறுக்கே வந்து நிற்கின்றன. கண்முன்னே இருப்பதை இனி தனியாக, அதுவாகவே பார்க்க அவனால் ஆகாது. நாவல் முழுக்கப் பாதிரிமாரின் கொடுமை பேசப்பட்டாலும், வாசகர் மனதை விட்டுப் போகாதது இந்தச் சின்ன இடம்தான். ரிஸாலும் திரும்பி வந்தார், வெளியேறினார், மறுபடி வந்தார். ஸ்பெயின் அரசு அவரைத் தபித்தானில் நான்கு வருஷம் ஒதுக்கிவைத்து, 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றது.

அதற்கடுத்த தலைமுறைக்கு ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட பிலிப்பினோக்கள் குடிமக்களும் இல்லை, வெளிநாட்டாரும் இல்லை, தாராளமாகக் கப்பலேறலாம். 1930-ல் சியாட்டிலில் வந்திறங்கிய எழுத்தாளர் கார்லோஸ் புலோசான், பங்காசினான் மாகாணத்து விவசாயி மகன். கூலிகளோடு கூலியாக அலைந்து, காசநோயில் விழுந்து, லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் இரண்டு வருஷம் கிடந்தார். வாசித்துத் தீர்த்ததெல்லாம் அந்தப் படுக்கையில்தான். 1934-ல் ஒரு சட்டம் வந்து பிலிப்பினோக்களை வெளிநாட்டாராக்கியது. வருஷத்துக்கு 50 பேர் மட்டுமே குடியேறலாம் என்றது. மறுவருஷம் இன்னொரு சட்டம்: ஊருக்குத் திரும்ப இலவச டிக்கெட், ஆனால் போனால் போனதுதான்.

எத்தனை பேர் ஏறினார்கள்? அமெரிக்கப் பெருநிலத்தில் இருந்த சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 2,000 பேர். பொருளாதார மந்த காலம், வேலை இல்லை, வெள்ளைக்காரக் கும்பல்களின் அடி உதை வேறு. அப்படியும் பெரும்பாலோர் அசையவில்லை. வெறுங்கையோடு எப்படி ஊர் முகத்தில் விழிப்பது என்ற வெட்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் இந்த எண்ணிக்கையைப் புரிந்துகொள்வது கஷ்டம்.

1943-ல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழ், வறுமையிலிருந்து விடுதலை என்ற பொருளில் நார்மன் ராக்வெல் வரைந்த படத்தோடு ஒரு கட்டுரையை வெளியிட்டது. படத்தில் ஓர் அமெரிக்கக் குடும்பம், மேசையில் பெரிய வான்கோழி. எழுதியவர் புலோசான், அந்த நாட்டில் குடியுரிமை கேட்கவும் அப்போது தகுதி இல்லாதவர். 1946-ல் 'அமெரிக்கா இஸ் இன் தி ஹார்ட்' எழுதினார். 1956-ல் சியாட்டிலில் இறந்தார், ஊருக்குத் திரும்பவேயில்லை. எலைன் கஸ்தீயோ 2018-ல் எழுதிய தம் நாவலுக்கு 'அமெரிக்கா இஸ் நாட் தி ஹார்ட்' என்று பெயர் வைத்தார். பேத்தி வயதுக்காரியின் செல்லச் சண்டை.

எழுபதுகளில் ஊரைவிட்டுப் போவதும் வருவதும் அரசாங்கக் கொள்கையாகவே ஆனது. குடியேறியவர்களை விடுமுறைக்கு வாருங்கள் என்று 1973-ல் சலுகை கொடுத்து அழைத்த அதே மார்க்கோஸ் அரசு, மறுவருஷம் தொழிலாளர் சட்டத்தின் மூலம் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. இன்று எந்தச் சமயத்தில் பார்த்தாலும் சுமார் 20 லட்சம் பிலிப்பினோக்கள் வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார்கள். ஆளுக்குப் பதிலாகப் பெட்டி வருகிறது. டின் இறைச்சி, சாக்லேட், சோப்பு, துண்டு, செருப்பு என்று மாதக்கணக்கில் சேர்த்துக் கட்டி அனுப்பும் 'பாலிக்பாயன்' பெட்டி.

சில சமயம் வேறொரு பெட்டியும் வருகிறது. ஹோசே டாலிசாயின் 'சோலிடாட்ஸ் சிஸ்டர்' நாவலில் சவூதியிலிருந்து மணிலா விமான நிலையத்துக்கு ஒரு சவப்பெட்டி வந்திறங்குகிறது. மேலே அரோரா என்ற பெயர். அரோராவோ தன் ஊரில் ஒரு மதுக்கூடத்தில் பாடிக்கொண்டிருக்கிறாள். உள்ளே இருப்பது அவள் அக்காள் சோலிடாட். தங்கையின் பெயரில் வேலைக்குப் போனவள். போதாக்குறைக்கு வழியில் பெட்டியை வண்டியோடு திருடிக்கொண்டு போய்விடுகிறான் ஒருவன். சிரிப்பு மூட்டும் நாவல்தான். அடையாளம் என்பது பற்றிய கனமான கட்டுரைகள் பலவற்றைவிட இந்தக் கேலி ஆழமாகத் தைக்கிறது.

இதுவரை பார்த்த எழுத்தாளர்களில் புலோசானை விட்டுவிட்டால் மற்றவர்கள் படிப்போ வசதியோ வாய்த்தவர்கள். வீட்டைச் சுமந்தவர்கள் வேறு. அலெக்ஸ் டிஸோன் எழுதி, அவர் இறந்த பிறகு 2017-ல் 'அட்லாண்டிக்' இதழில் வந்த கட்டுரை அப்படி ஒருவரைப் பற்றியது. தன் குடும்பத்தில் பல பத்தாண்டுகள் சம்பளமில்லாமல் அடிமையாக உழைத்த லோலா. 1964-ல் அவர்களோடு அமெரிக்கா வந்தவரை, அவருடைய பெற்றோர் இறந்தபோதுகூட ஊருக்கு விடவில்லை. தன் தாயின் மறைவுக்குப் பிறகு டிஸோன் லோலாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். 83 வயதில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். அங்கே உடன்பிறந்தவர்களில் பெரும்பாலோர் இல்லை, வீடு இல்லை, சிறுவயதுத் தோழிகள் அந்நியர்களாகியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து டிஸோன் போய் அழைத்தபோது, லோலா கிளம்பிவிட்டார். அமெரிக்க வீட்டில் அவர் வளர்த்த தோட்டம் காத்திருந்தது. இறந்தபின் அவருடைய சாம்பல் மட்டும் தார்லாக் மாகாணத்துக் கிராமத்துக்குப் போனது.

கட்டுரை வந்ததும் பெரிய சண்டை. குற்றவாளி குடும்பத்துப் பிள்ளை கதை சொல்லலாமா என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டிஸோன் எழுதியிராவிட்டால் லோலா இருந்த சுவடே வெளியே தெரிந்திராது என்பதும் நிஜம்.

லோலாக்களின் வீட்டிலிருந்தே எழுந்த குரலும் இருக்கிறது. சைஸா குரூஸ் பகானி 19 வயதில் ஹாங்காங் போய், தாய் வேலை செய்த வீட்டிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்து, ஏறத்தாழ பத்து வருஷம் இருந்தவர். முதலாளியம்மாவிடம் கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். விடுமுறை நாள்களில் தெருவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அவரை உலகத்துக்குக் காட்டின. 2018-ல் வந்த அவருடைய 'வீ ஆர் லைக் ஏர்' நூலின் நாயகி, ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து இன்னொருவர் பிள்ளைகளை வளர்த்த அவருடைய தாய்.