வலிக்கு வாக்குமூலம் வேண்டுமா?

1980-களின் நடுப்பகுதி வரை மேற்கத்திய மருத்துவமனைகள் பலவற்றில், பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரிய அறுவை சிகிச்சைகூட வலி நீக்கி இல்லாமலோ பெயரளவுக்குக் கொடுத்தோ நடந்துவந்தது. குழந்தை அசையாமல் கிடக்கத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து கொடுப்பார்கள். அதன்பின் அழக்கூட முடியாது. செய்தவர்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. பிஞ்சு உடல் மயக்க மருந்தைத் தாங்காதோ என்ற அச்சம் ஒருபுறம். மறுபுறம் ஒரு கோட்பாடு: நரம்பு நார்களைச் சுற்றி மயிலின் என்னும் கொழுப்புறை வளர்ந்து முடியாத வயதில் வலியே தெரியாது.

இன்னொருவர் உள்ளே என்ன உணர்கிறார் என்பதை எப்படி அறிவது? தத்துவத்தில் இது பழைய கேள்வி. பெரியவர்கள் விஷயத்தில் அவர்கள் வாய்ச்சொல்லை நம்பி இதைக் கடந்துவிடுகிறோம். பேச்சே வராத உயிரிடம் அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இந்தியாவில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த், இதய அறுவைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஃபென்டனில் என்ற வலி நீக்கியையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தார். அந்தக் குழந்தைகளின் உடலில் அழுத்த ஹார்மோன்களின் எழுச்சி குறைவாக இருந்தது. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் குறைந்தன. முடிவு 1987-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதே ஆண்டு பால் ஹிக்கியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் மயிலின் வாதத்தையும் உடைத்தார்: பெரியவர்களுக்கே வலியைச் சுமந்து செல்லும் நரம்பு நார்களில் பெரும்பங்கு மயிலின் இல்லாதவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் அந்த ஆண்டே இது குறித்த தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

மூளையின் நரம்பு நார்களை வெளியிலிருந்தே படமெடுக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. வளர்ந்தது அதற்குப் பிறகு. மூளைத் திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. நரம்பு நார்கள் கட்டாக ஓடும் இடத்தில் நீர் அவற்றின் போக்கிலேயே எளிதாக நகர்கிறது. குறுக்கே நகர்வது கடினம். அந்தத் திசை வேறுபாட்டைத்தான் கருவி அளக்கிறது. 1994-இல் பீட்டர் பாஸர், ஜேம்ஸ் மாட்டியெல்லோ, டெனி லெ பிஹான் ஆகிய மூவரும் அதை முப்பரிமாணத்தில் கணக்கிடும் முறையை வகுத்தனர். எக்ஸ் கதிர் கிடையாது என்பதால் குழந்தைகளையும் இதில் படமெடுக்கலாம்.

குறைமாதக் குழந்தைகளிடம் கண்டது வியப்பூட்டியது. மயிலின் படியும் முன்பே நார்க் கட்டுகள் திசை பிடித்து ஓடுகின்றன. மூளையின் மேலடுக்கான புறணியில் கதை நேர்மாறு. கர்ப்பத்தின் ஆறாம், ஏழாம் மாதங்களில் அங்கே நீர் மேற்பரப்புக்குச் செங்குத்தாக நகர்கிறது. செல்கள் கிளைவிட்டுப் பின்னிக்கொள்ளப் பின்னிக்கொள்ள அந்த ஒழுங்கு மங்கி, நிறைமாதத்தில் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. எல்லாம் படிப்படியாக நடக்கிறது. இந்த வாரம் முதல்தான் உணர்வு என்று கோடு கிழிக்க அங்கே இடமில்லை.

படம் நீரின் போக்கைக் காட்டும். யாருக்கு வலித்தது என்பதைக் காட்டாது. 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தி மெய்கண்டார், சிவஞான போதத்தின் மூன்றாம் நூற்பாவில் உடம்புக்கு வேறாக உயிர் உண்டென்று நிறுவி, நான்காம் நூற்பாவில் மனம், புத்தி முதலான உட்கருவிகளாகிய அந்தக்கரணங்களையும் உயிரிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். மூளையே உணர்வு என்பவர் இதை ஏற்கமாட்டார். ஆனாலும் உணர்வதற்கான கருவியைப் பார்த்ததாலேயே உணர்வைப் பார்த்துவிட்டோம் என்று எண்ணக் கூடாது என்பது இரு தரப்புக்கும் பொருந்தும். மருத்துவம் செய்த பிழை இதன் மறுபக்கம்: கருவி முற்றவில்லை என்றதுமே உணர்வு இல்லை என்று தீர்ப்பெழுதியது.

நிச்சயம் இல்லாத இடத்தில் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது? கத்தியை எடுப்பவருடையது. தனக்கு வலிக்கிறது என்று குழந்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வலிக்காது என்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கும் 'வளரும் மனித கனெக்டோம்' திட்டத்துக்காகப் படமெடுத்தவர்கள் நடந்துகொண்ட விதத்தில் இந்த நெறி தெரிகிறது. 2021-இல் வெளியான அதன் தொகுப்பில் 783 பச்சிளங் குழந்தைகளின் படங்கள் உள்ளன. குழந்தைக்குப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் பசையைக் காதுத் துளையில் பதமாக அடைத்து, மேலே காதுறை மாட்டினார்கள். தூங்க வைக்க மருந்து கொடுக்கவில்லை. இயல்பாக வரும் தூக்கத்துக்குக் காத்திருந்தார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடாதிருக்க, ஒலி சில நொடிகளில் மெல்ல ஏறும்படி அமைத்தார்கள். குழந்தை எதை உணரும் என்ற வழக்கு தீரட்டும், பிறகு பார்க்கலாம் என்று அவர்கள் இருக்கவில்லை.

இந்த நெறியைக் கடைப்பிடிக்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது பிறந்த குழந்தைகள் வார்டில் அன்றாட வேலை. அப்போது குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைத்தால் வலியின் அறிகுறிகள் குறைகின்றன என்பது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும், நாளைக் காலையே, இதைச் செய்ய முடியும்.