வனத்தை அழகு செய்வோர் யாவர்?



பகவன் புத்தருடைய திருச்சரிதையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மரம் நிற்கக் காண்கிறோம். உலும்பினி வனத்தில் மாயாதேவியார் சாலமரக் கிளையொன்றைப் பற்றி நின்ற வேளையில் போதிசத்துவர் பிறந்தார் என்று நிதானகதை கூறும். எண்பதாம் வயதில், குசிநாரையை அடுத்து மல்லர்களுக்குரிய சாலவனத்தில், இரட்டைச் சாலமரங்களின் நடுவே வடக்கே தலைவைத்துப் பெருமான் பரிநிர்வாணம் எய்தினார். ஞானம் பெற்றது அரசமரத்தின் கீழாகலின் அரசை நாம் போற்றுகிறோம். அது நம் ஊர்தோறும் நிற்கிறது. சாலமரத்தையோ நம்மில் பலர் கண்டதில்லை.

கண்டதாக எண்ணுவோரும் பெரும்பாலும் வேறொன்றையே கண்டிருப்பர். இலங்கை விகாரைகளிலும் அவற்றைப் பின்பற்றிய பிற இடங்களிலும் சாலம் என்ற பெயரோடு நிற்பது நாகலிங்க மரமாகும். அடிமரத்திலேயே பெருஞ்செம்மலர்கள் பூத்து, பீரங்கிக் குண்டு போன்ற காய்களைத் தாங்கும் அம்மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பகவன் காலத்தில் இந்நாட்டில் அது இல்லை. மெய்யான சாலத்தின் மலரோ மிகச் சிறியது. வெளிறிய மஞ்சள் நிறமுடையது. கொத்துக் கொத்தாகக் கிளைகளின் நுனியில் பூப்பது. பெயரை மாத்திரம் கொண்டு ஒன்றை அறிந்துவிட்டதாக எண்ணுதல் தகாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டன்றோ!

ஆகவே சாலத்தை அறிய அதன் வனத்துக்கே செல்வோம். கோரக்கபுரத்திலிருந்து குசிநகரத்துக்குக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளமுடையது. யாத்திரிகர்கள் வண்டியில் விரைந்து போய்விடுவர். நகரைக் கடந்த சிறிது தொலைவிலேயே சாலையை ஒட்டிக் குசும்ஹி வனம் விரிகிறது. அங்கே இறங்கி நடப்போமாக.

நெட்டென நிமிர்ந்த மரங்கள். முதிர்ந்தவற்றின் பட்டை கருத்து, நெடுக வெடித்திருக்கும். நன்கு வளர்ந்த சாலம் 100 அடிக்கு மேலும் உயரும். அகன்ற இலைகள் மாசி, பங்குனியில் பழுத்து உதிர்ந்து வழியெங்கும் விரிப்பாகக் கிடக்கும். ஆயினும் மரம் முற்றும் மொட்டையாவது அரிது. பழைய இலை விழுந்துகொண்டிருக்கும்போதே செந்தளிரும் பூவும் தோன்றிவிடும். தோன்றி மறைதலாகிய அநித்தியத்தை அங்கே ஒரே கிளையில் காணலாம். ஐந்து சிறகுகளையுடைய காய்கள் ஆனியில், மழை தொடங்கும் தறுவாயில், காற்றில் சுழன்று இறங்கும். அவ்விதையின் முளைக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு வாரமே நிற்கும். அதற்குள் ஈரமண் கிட்டியாக வேண்டும். தவறினால் அவ்விதை வீணே.

வனத்தின் ஓரத்தில் வயல்வெளி தொடங்குகிறது. கரும்பும் கோதுமையும் நெல்லும் கடுகும் விளையும் சமவெளி அது. சிற்றூர்ப் பெண்டிர் சுள்ளி பொறுக்குவர். சால இலைகளை ஈர்க்கால் தைத்து உண்கலமாக்குவர். மரத்தின் பிசின் குங்கிலியமாகப் புகையும். விதையிலிருந்து நெய் எடுப்பர். கட்டையோ இரும்பையொத்த உறுதியுடையது. அவ்வுறுதியே இவ்வனத்தின் பிற்கால வரலாற்றுக்குக் காரணமாயிற்று.

இருப்புப்பாதை இடுவதற்குச் சிலீப்பர் கட்டைகள் வேண்டி ஆங்கில ஆட்சியார் இந்நாட்டுச் சாலவனங்களைப் பெருவாரியாக வெட்டினர். வெட்டிய இடத்தில் மீண்டும் சாலத்தை உண்டாக்க, 1920களில் கோரக்கபுரப் பகுதியில் 'தௌங்யா' முறையைக் கைக்கொண்டனர். தௌங்யா என்பது பர்மிய மொழியில் மலைப்பயிர் நிலத்தைக் குறிக்கும் சொல். நிலமற்ற ஏழை மக்களை வனத்தில் குடியேற்றி, நிலத்தைத் திருத்தி வரிசை வரிசையாகச் சாலவிதை விதைக்கச் செய்தனர். வரிசைகளுக்கு இடையே சில ஆண்டுகள் தமக்கு வேண்டிய தானியத்தைப் பயிரிட்டுக்கொள்ளலாம். அதுவே அவர்களுக்குக் கிடைத்த பயன். கன்று வளர்ந்து நிழல் கட்டியதும் அவ்விடத்தை விட்டு அடுத்த வெற்றிடத்துக்குப் பெயர வேண்டும். இம்மக்களை வனதாங்கியர் என்பர்.

அன்பர்களே, சிந்தித்துப் பாருங்கள்! நாம் நிழலில் நடக்கும் இம்மரங்களுள் பல அவர்கள் கையால் ஊன்றப்பட்டவை. வனம் முழுவதையும் உண்டாக்கியவர்க்கு அதில் ஓரடி நிலமும் சொந்தமில்லாதிருந்தது. செங்கல்லால் ஒரு வீடு கட்டவும் உரிமையில்லாதிருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பல்லாண்டுகள் கழிந்தும் அவர்தம் குடியிருப்புக்கள் ஊர் என்றே கணக்கில் ஏறவில்லை; ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் வழியில்லாதிருந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பிறந்த பின்னரே நிலவுரிமைக்கு வழி ஏற்பட்டது. 2017 முதற்கொண்டே அக்குடியிருப்புக்கள் வருவாய்க் கிராமங்களாக ஏற்கப்படலாயின. உழைத்தவன் ஒருவன், உரியவன் மற்றொருவன் என்னும் இக்கதையை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையும் அதுவேயன்றோ!

இங்கே நம் நினைவுக்கு வரவேண்டியது மஜ்ஜிம நிகாயத்தில் உள்ள மகாகோசிங்க சுத்தம். கோசிங்க சாலவனத்தில் ஒரு நிலவு நாள். மரங்கள் எல்லாம் பூத்து மணம் கமழ்ந்துகொண்டிருந்தன. பெருந்தேரர்கள் கூடியிருந்த வேளையில் சாரிபுத்தர் ஒரு வினாவை எழுப்பினார்: எத்தகைய பிக்குவால் இவ்வனம் அழகு பெறும்? கேள்வியின் நயத்தை நோக்குங்கள். வனத்தின் அழகால் நமக்கு என்ன இன்பம் என்று அவர் வினவவில்லை. வனத்துக்கு நம்மால் என்ன அழகு என்று வினவினார். கேட்டதைக் காத்து ஓதும் கல்வியுடையவரால் என்றார் ஆனந்தர். தனித்திருந்து தியானிப்பவரால் என்றார் இரேவதர். ஞானக்கண் உடையவரால் என்றார் அநுருத்தர். எளிய வனவாழ்வைத் தாமும் மேற்கொண்டு பிறர்க்கும் போற்றியுரைப்பவரால் என்றார் மகாகாசியபர். தம்மத்தை ஒருவரோடொருவர் ஆராய்ந்து உரையாடுபவரால் என்றார் மொக்கல்லானர். மனத்தின் வழிச் செல்லாது மனத்தைத் தம்வழி நிறுத்துபவரால் என்றார் சாரிபுத்தர். பகவன் எல்லார் விடையையும் நன்றென ஏற்று, மனமாசுகள் நீங்குமளவும் எழுவதில்லை என்னும் உறுதியோடு அமர்ந்திருப்பவராலும் வனம் அழகு பெறும் என்று அருளினார்.

ஏழு விடைகள்! அவற்றுள் பிறப்பு ஒரு விடையாக வரவில்லை, குலம் வரவில்லை, செல்வமும் வரவில்லை. அங்கிருந்தோருள் பிராமணக் குடியிற் பிறந்தவரும் உண்டு, சாக்கிய அரசகுலத்தவரும் உண்டு. ஆயினும் ஒருவருக்கும் அது நாவில் எழவில்லை. வனத்துக்கு அழகு செய்வது ஒருவன் செய்கையே.

அதே கோசிங்க வனத்தில் அநுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூவர் வாழ்ந்த முறையைச் சூளகோசிங்க சுத்தம் உரைக்கிறது. பாலும் நீரும்போல் கலந்து, அன்புக் கண்ணால் ஒருவரையொருவர் நோக்கி வாழ்ந்தனர். பிச்சையேற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை இட்டு நீர் வைப்பார்; இறுதியில் வருபவர் எல்லாவற்றையும் துப்புரவு செய்வார். குடம் வறிதாயிருக்கக் கண்டவர் நிரப்புவார். கனத்தால் தூக்க இயலாதபோது, வாய் திறவாமல் கையசைத்து மற்றவரைத் துணைக்கு அழைப்பார். ஐந்து நாளைக்கு ஒருமுறை இரவு முழுதும் தம்மம் பேசுவர். நம் சங்கக் கூடங்களில் குடம் வறிதாயிருந்தால் யார் நிரப்புகிறோம்? யாருடைய முறை என்று வாதாடுகிறோமா, அல்லது கையசைக்கிறோமா?

தமிழ் மக்களிடையே பௌத்தம் இன்னும் ஓங்கவில்லையே என்று சிலர் வருந்துகின்றனர். அவர்கட்குச் சாலக்கன்று விடை கூறும். முளைத்த கன்றின் தண்டு ஆண்டுதோறும் வறட்சியாலும் பனியாலும் தீயாலும் பட்டுப்போகும், மழையில் மீண்டும் தளிர்க்கும், மீண்டும் படும். இவ்வாறு பல ஆண்டுகள் கழியும். மேலே பார்ப்பவன் கன்று செத்தது என்பான். மண்ணுக்குள்ளோ வேர் தடித்துக்கொண்டே இருக்கும். வேர் போதிய வலிமை பெற்ற ஆண்டில் எழும் தண்டு பிறகு படுவதில்லை, மரமாகவே உயர்ந்துவிடும். 1898ல் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் ஊன்றிய சாக்கிய பௌத்த சங்கமும் இவ்வகையினதே. 1914ல் அவர் மறைந்தபின் சில கிளைகள் வாடின. எனினும் கோலார் தங்கவயலில் உழைப்பாளிகள் வேருக்கு நீர் வார்த்தனர். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் டாக்டர் அம்பேத்கர் தம்மதீட்சை ஏற்றபோது, இந்நாட்டு மண்ணில் அவ்வேர் எத்துணை ஆழ்ந்தது என்பதை உலகம் கண்டது. வேர் என்பது சீலமும், குழந்தைகளின் கல்வியும், வாரந்தோறும் தவறாத வந்தனையுமாகும். ஊர்வலமும் கொடியும் இலைகளே.

குசிநகரத்தை அடைவோர் 1876ல் அகழ்ந்தெடுக்கப்பட்ட 20 அடி நீளச் சயனத் திருவுருவத்தைக் கண்டு கண்ணீர் மல்குவர். அவ்விடத்தில் மகாபரிநிப்பான சுத்தம் கூறுவதை மறத்தலாகாது. காலமல்லாக் காலத்தில் சாலமரங்கள் பூத்துப் பெருமான் திருமேனிமீது மலர் சொரிந்தன. பகவன் ஆனந்தரை நோக்கி, ததாகதர்க்கு உரிய மெய்யான பூசனை இதுவன்று, தம்மத்தின்படி ஒழுகுபவரே மேலான பூசனை செய்பவர் என்றார். மரமே தூவிய மலரையும் பெருமான் இரண்டாவதாகவே வைத்தார் எனின், நாம் கடையில் வாங்கித் தூவும் மலர் எம்மட்டு!

ஆதலின், பெயர் அறியப்படாத கைகள் ஒவ்வொரு விதையாய் ஊன்றி எழுப்பிய அவ்வனத்தைப் போல், நம் சங்கத்தையும் ஒவ்வொரு நற்செயலாய் எழுப்புவோமாக. ஊன்றியவர்க்கே நிழல் உரியதாகும் நாளைத் தம்மத்தாலும் சட்டத்தாலும் விரைவில் காண்போமாக. நாம் வாழும் தெரு நம்மால் அழகு பெறுக. எல்லா உயிரும் இன்புற்றிருக்க.

சாது! சாது! சாது!