கோடிட்டு அடித்த விலை



கடையில் 25 வெள்ளிக்கு விற்கும் கைலியை ஷோப்பியிலும் லஸாடாவிலும் 30 வெள்ளிக்கு விற்பது ஆகுமா என்று நம்மவர் சிலர் கேட்கிறார்கள். ஆகும் என்பதே என் எண்ணம். நான் ஓதியது கொஞ்சந்தான். பிழையிருந்தால் ஆலிம்கள் திருத்துவார்களாக. கைலியின் அசல் 18 வெள்ளி. இணையச் சந்தைக்குக் கமிஷன், பணம் வந்து சேரும் கட்டணம், பொட்டலச் செலவு, "இலவசம்" என்று நாம் தலையில் போட்டுக்கொள்ளும் தபால் பங்கு எல்லாம் கூடி 5 வெள்ளி போய்விடுகிறது. மிச்சம் அதே 7 வெள்ளிதான்.

ஆடு வாங்க நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த ஒரு தீனாரில் உர்வா (ரலி) அவர்கள் இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, தீனாரையும் மற்ற ஆட்டையும் ஒப்படைத்தார்கள். விற்ற ஆட்டில் இலாபம் முதலுக்குச் சமம். ஆயினும் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டாக நாயகம் அவர்கள் துஆச் செய்தார்கள்; புகாரியில் உள்ளது. (சர்க்கார் சட்டம் வேறு. 2011 ஆம் ஆண்டின் கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் நம்மையும் கட்டும்.)

என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. சென்ற ரமலானில், பைராம் தோட்டத்திலுள்ள என் கடைக் கைலிக்கு என் சகோதரி மகன் 45 என்று போட்டு, அதைக் கோடிட்டு அடித்து, கீழே 30 என்று போட்டான். அதை நான் ஒருநாளும் 45க்கு விற்றதில்லை. "மாமா, எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்றான். சரக்கும் பறந்தது. ஈப்போவிலிருந்து ஓர் அம்மா, 15 வெள்ளி மிச்சமானதென்றும் அதில் பிள்ளைக்குத் தொப்பி வாங்கியதாகவும் செய்தி அனுப்பினார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பஸராவின் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அவர்கள் தொழப் போன நேரத்தில், 200 திர்ஹம் ஆடையைச் சகோதரர் மகன் ஒரு கிராமத்து அரபிக்கு 400க்கு விற்றுவிட்டார். எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்தியே என்று அந்த அரபி சொல்லியும், யூனுஸ் அவர்கள் அழைத்துவந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே யாரும் பொய் சொன்னதாக இல்லை. விலை கூடுதல் என்ற காரணத்துக்காக மட்டும் நம் ஷாபிஈ மத்ஹபில் விற்பனை முறிவதுமில்லை. அப்படியிருக்க, நமது 45 பச்சைப் பொய்யல்லவா? வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிக் கேட்கும் நஜ்ஷை நாயகம் அவர்கள் தடுத்தார்கள். கோடிட்ட 45, கூலி கேட்காத அந்த ஆள்தான்.

எல்லாருக்கும் இது பொய்யென்று தெரியும் என்கிறார்கள். தெரிந்தவனுக்காக யார் எழுதுவார்? தெரியாத அந்த அம்மாவுக்காகவே எழுதப்படுகிறது.

கோட்டை எடுக்கச் சொன்னேன். அந்த வாரமே விற்பனை பாதியானது. பையன் தினமும் போனை என் முன் நீட்டுகிறான். அந்த அம்மாவுக்கு, கடை விலை 25, 45 என்பது என்றுமே இருந்ததில்லை, விரும்பினால் திருப்பியனுப்பலாம், தபால் செலவு என்னுடையது என்று எழுதினேன். படித்ததற்கு அடையாளம் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.