அழுக்கால் அழுக்கைக் கழுவுதல்

மலத்தை மலத்தாலேயே கழுவுவது எங்ஙனம் என்ற கேள்விக்குச் சைவ சித்தாந்தம் தரும் விடை, துணி வெளுப்போரின் துறையிலிருந்து எடுக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றித் துணியின் அழுக்கைப் போக்குவது போல, உடலும் கருவிகளுமாக விரிந்த மாயையைக் கொண்டே இறைவன் உயிரைப் பற்றிய மலத்தை நீக்குகிறான் என்கிறது. மலம் என்பது இங்கே உயிரின் அறிவை மறைத்தும் பிணித்தும் நிற்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றையும் குறிக்கும்.

அதே வாதம் கொங்கு நாட்டின் ஆய்வுக்கூடத்திலும் ஒருவகையில் சோதிக்கப்பட்டது. கோவை பாரதியார் பல்கலைக்கழகச் சுற்றுச்சூழல் அறிவியல் துறையில் சி. நமசிவாயமும் அவருடன் பணியாற்றியோரும் 1990களில் வாழைத்தண்டுக் கழிவையும் ஆரஞ்சுத் தோலையும், பின்னர்த் தென்னை நார்க்கழிவையும் கொண்டு சாய நீரைத் தெளிவிக்க முயன்றனர். மட்டையை அடித்து நாரைப் பிரித்தபின் உதிர்ந்து, கயிறு ஆலைகளின் பின்புறம் மேடுமேடாகக் குவியும் பழுப்புத் தூளே நார்க்கழிவு. அதைக் கரியாக்கிச் சாய நீரில் இட்டுக் குலுக்கினால், சாய மூலக்கூறுகள் அதன் நுண்துளைப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. கடற்பஞ்சு நீரை உள்வாங்குவது போலன்றி மேற்பரப்பில் மட்டும் பற்றி நிறுத்துவதால் இதைப் பரப்புக் கவர்தல் என்பர். நீர் தெளிகிறது, சாயமோ அழியவில்லை, தூளுக்கு இடம் பெயர்ந்திருக்கிறது. நீரின் அமில காரத் தன்மை மாறினால் அது மீண்டும் கழன்று வரவும் கூடும்.

இவ்வகையில் சித்தாந்தம் பல நவீன விளம்பரங்களைவிட நேர்மையானது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே ஒடுங்குகிறது என்று அது கூசாமல் ஒப்புக்கொள்கிறது. ஆனால் வெளுப்போர் உவமை துணி வெளுத்ததோடு நின்றுவிடுகிறது. அலசிய நீர் எங்கே போயிற்று என்று அது கேட்பதில்லை. உவமை ஏகதேசம், அதாவது ஒரு கூறளவில் மட்டுமே பொருந்துவது என்று உரைகாரர் சொல்வதால், கேட்கவேண்டிய கடமையும் அதற்கில்லை. நொய்யல் கரையில் வாழ்வோருக்குத்தான் அக்கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை.

வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, நீத்தார் கடன் செய்வோர் கூடும் பேரூரைக் கடந்து வரும் அந்த ஆறு, திருப்பூரில் சாயப்பட்டறைகளின் வடிகாலாயிற்று. 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென எழுந்து சாயத்தண்ணீரின் தேக்கமாக மாறியதால், அதன் நீருக்காகக் காத்திருந்த உழவர்களே அதைத் திறக்க வேண்டாம் என்று நீதிமன்றம் ஏறினர். கழிவுநீரை வெளியே விடாத நிலையை எட்டாத பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

உழவர்களின் நிலத்தைக் கெடுத்ததில் பெரும்பங்கு உப்பினுடையது. பருத்தி நூலில் சாயம் ஏற, அதை நீரிலிருந்து இழையை நோக்கித் தள்ளுவதற்குப் பேரளவில் உப்பு சேர்க்கப்படுகிறது. தள்ளிய வேலை முடிந்ததும் அவ்வுப்பு நீரிலேயே தங்குகிறது. நார்க்கழிவுக் கரி நிறத்தைப் பற்றுமே தவிர, இந்த உப்பு அதன் பிடிக்குள் அகப்படுவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெளிந்த நீர் வேருக்குத் தெளிந்ததாகாது. தூய்மையைக் கண்ணால் அளக்கும் பழக்கம் கோயில் குளத்துக்கும் உண்டு, குடுவைக்கும் உண்டு. துணிக்கு வெண்மை தந்ததாகச் சித்தியார் போற்றும் உவர், வயலில் பூத்தால் பயிருக்கு நஞ்சு.

இன்று திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வுகளால் நீரை வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கின்றன. அதில் ஒரு பங்கு மீண்டும் சாயத்தொட்டிக்குப் போகிறது. எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டைகளில் கட்டப்பட்டு, மழை படாமல் கூரையின் கீழ் அடுக்கி வைக்கப்படுகிறது.