கப்பலில் உனக்கும் ஒரு கன மீட்டர் உண்டு

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். லாரி ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கப்பலைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால், பாகு காய்ச்சிக் கடலை மிட்டாய் போடும் எத்தனையோ பேருக்கு அந்த 60 கிலோமீட்டர்தான் உலகத்திலேயே நீளமான சாலை. “ஏற்றுமதியெல்லாம் பெரிய முதலாளிகள் பார்க்கிற வேலை, நமக்கு எதற்கு?” என்ற ஒற்றைப் பேச்சு அந்தச் சாலையின் குறுக்கே பாறையாகக் கிடக்கிறது.

தம்பி, தங்கையே! அந்தப் பாறையைப் புரட்டிப் போடு!

2020-ல் கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-ல் மணப்பாறை முறுக்குக்குக் கிடைத்தது. உன் பாட்டி கைப்பக்குவத்துக்குச் சட்டம் தந்த பட்டயம் அது. வெளிநாட்டில் வாழும் நம்மவர் ஊருக்கு வந்து திரும்பும்போது, பெட்டியில் துணிகளுக்கு நடுவே எதைத் திணித்துக்கொண்டு போகிறார்கள்? உன் சரக்கைத்தானே! வாங்குகிறவர் காத்திருக்கிறார். பண்டமோ குளிர்பெட்டி கேட்காதது. நீதான் இன்னும் கிளம்பவில்லை.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்ட ‘காலியா’, ‘லாவோ’ என்று இரண்டு கப்பல்களை விலைக்கு வாங்கி வந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் கழுத்தை நெரித்தது. அரசு அவரைச் சிறையில் தள்ளிச் செக்கிழுக்க வைத்தது. கம்பெனி போயிற்று, கனவு போகவில்லை. இன்று அந்தத் துறைமுகத்துக்கே அவர் பெயர்! அந்த மனிதர் கப்பலையே வாங்க வேண்டியிருந்தது. உனக்கு வேண்டியது ஒரே ஒரு கன மீட்டர்.

ஆமாம். நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர், உயரம் ஒரு மீட்டர். 20 அடி கன்டெய்னரின் உள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர். அதை நிரப்பச் சரக்கு இல்லையே என்று ஏங்காதே. பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றும் முறை இருக்கிறது, எல்.சி.எல். என்பார்கள். கன மீட்டரா டன்னா, எது அதிகமோ அதற்கு வாடகை. 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம் உள்ள அட்டைப்பெட்டிகள் 33 அடுக்கினால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் நிறைந்துவிடும். வெறும் 33 பெட்டி! அதை நிரப்ப உன் அடுப்புக்கு எத்தனை நாள் ஆகும்?

பயமாக இருக்கிறதா? இருக்கட்டும். ஆனால், பயத்தை மூட்டையாகக் கட்டிச் சுமக்காதே. அவிழ்த்துப் பார்.

காகிதத்துக்குப் பயமா? ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். வீட்டில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவுக்கு அனுப்புவதானால் உன் தயாரிப்புக்கூடத்தை அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் பதிய வேண்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே உனக்காகப் பதில் சொல்ல ஒரு முகவர் வேண்டும். கப்பல் கரை சேர 8 மணி நேரத்துக்கு முன்பாவது முன்னறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். சுங்க வேலைக்கு சி.எச்.ஏ. என்ற சுங்க முகவர் இருக்கிறார். இதில் உன்னால் முடியாதது எது?

சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமா? ஏன் திருப்புகிறார்கள் என்று தெரிந்துகொள். ஈரம் போகாத கடலையில் பூசணம் ஏறும். அந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைக் கக்கும். நேரடியாகச் சாப்பிடும் கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். 100 கோடிப் பங்கில் 4 பங்கு. கேட்டால் மலைப்பு வரும். ஆனால், அதை வெல்லும் வேலை உன் முற்றத்திலேயே தொடங்குகிறது. கடலையை நன்றாகக் காயவை. சுருங்கியதை, நிறம் மாறியதை, பூசணம் பிடித்ததைக் கையால் பொறுக்கி எறி. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று வாங்கு. உன் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிற பருப்பு, எந்த ஊர்ப் பிள்ளைக்கும் போகக் கூடாது!

ஈரத்துக்குப் பயமா? பகல் வெயிலில் கன்டெய்னர் கொதிக்கும், இரவில் குளிரும். உள்ளே இருக்கும் ஈரம் கூரையில் வியர்த்துச் சொட்டும். வெல்லப் பாகு அந்த ஈரத்தைக் குடித்தால் மிட்டாய் பிசுபிசுத்துவிடும். காற்றுப் புகாத உறையில் அடை. நன்கு உலர்ந்த பேலட் என்ற மரத்தட்டில் அடுக்கு. ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடச் சொல். பேலட் மரமும் உள்மரம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியதாக இருக்கட்டும். பக்கத்தில் வேறு யாருடைய சரக்கு ஏறுகிறது என்று, சரக்கைக் கப்பலேற்றித் தரும் ஃபார்வர்டரிடம் கூச்சப்படாமல் கேள்.

லேபிளில் ஒவ்வாமை எச்சரிக்கை ஒரு வரி விட்டுப்போனாலும் சரக்கு நிற்கும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்த ஒரு வரிதான் உயிர். எள் சேர்த்த முறுக்கு அனுப்புகிறாயா? 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்கா எள்ளையும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் சேர்த்துவிட்டது. நம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் எள், அங்கே லேபிளில் கட்டாயம்.

பணத்துக்குப் பயமா? முதல் ஆர்டருக்கு முன்பணம் கேள். வாங்குகிறவர் பணம் தராமல் போகும் அபாயத்துக்குக் காப்பீடு கொடுக்கவே இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனம் 1957-லிருந்து இருக்கிறது.

பார்த்தாயா? மூட்டைக்குள் பூதம் எதுவும் இல்லை. செய்து முடிக்க வேண்டிய வேலைகள்தான் இருந்தன!

சிறியதாகத் தொடங்கியவர்களைப் பார். 1959-ல் மும்பையில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். இன்று அந்த அப்பளம் கடல் கடந்து போகிறது. 1956-ல் கன்டெய்னர் கப்பலுக்கு வழி திறந்த மால்கம் மெக்லீன், லாரித் தொழிலிலிருந்து வந்தவர். முதல் பயணத்தில் அவர் ஏற்றியது 58 கன்டெய்னர் பெட்டிகள்.

2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. உடனே கடல் வணிகம் நின்றுவிட்டதா? கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியைச் சுற்றிப் போயின. அந்த வழியில் வரும் முனைக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? நன்னம்பிக்கை முனை! வழி அடைபட்டால் சுற்றிப் போ. அந்தக் கூடுதல் நாள்களையும் கணக்கில் வைத்துக் காலாவதித் தேதியைத் திட்டமிடு. ஆனால், திரும்பி வராதே!

மார்தட்டுகிறவனிடம் இருப்பது தன்னம்பிக்கை என்று நினைத்துவிடாதே. 33-ஆவது பெட்டியையும் முதல் பெட்டியைப் போலவே கவனமாக ஒட்டுகிறாளே, அவளிடம் இருக்கிறது தன்னம்பிக்கை. கடலுக்கு உன் சாதி தெரியாது, உன் படிப்பு தெரியாது, உன் வங்கிக் கணக்கு தெரியாது. உன் பெட்டி உறுதியா, உன் சொல் உறுதியா என்பது மட்டுமே அதற்குத் தெரியும்.

நாளைக்கு என்று தள்ளாதே. இன்று இரவு அடுப்பை அணைத்த பிறகு ஒரு டேப்பை எடு. உன் பெட்டியை அள. நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு தாளில் எழுது. காலையில் அந்தத் தாளோடு தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறு!