எடை: பழியா, ஊழா?

பருத்த உடம்பைக் கண்டதும் 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்கிறோம். குடும்பமே அப்படி என்று தெரிந்தால் 'தலையெழுத்து' என்று விட்டுவிடுகிறோம். இரண்டும் பிழை என்பதற்கு மரபணு ஆய்வில் சான்று இருக்கிறது. எஃப்.டி.ஓ. மரபணுவிலுள்ள ஒரு வேறுபாட்டைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர்கள், அதைப் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ எடை கூடியிருந்தது 2007இல் தெரியவந்தது. வியப்பு என்னவென்றால், அந்த வேறுபாடு எந்தப் புரதத்தையும் மாற்றவில்லை. அங்கே டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறியதால் ஓர் அடக்கும் புரதத்தின் பிடி நழுவுகிறது, தொலைவிலுள்ள ஐ.ஆர்.எக்ஸ்.3, ஐ.ஆர்.எக்ஸ்.5 மரபணுக்கள் மிகையாக இயங்குகின்றன. கொழுப்பை எரித்து வெப்பமாக்கக்கூடிய இளம் செல்கள் அதைச் சேமிக்கும் செல்களாக வளர்கின்றன. 2015இல் எம்.ஐ.டி., ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். பாலக்காட்டுச் சித்தூர் விவசாயிக்கு இது எளிதில் விளங்கும்: ஆழியாற்றுத் தண்ணீர் அதேதான், மடை எவ்வளவு திறக்கிறது என்பதில்தான் வயலின் நிலை இருக்கிறது.

பிறவியிலேயே அமைந்த மடை என்றால் அது ஊழ்தானே என்று கேட்கலாம். இல்லை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் தரவுகளைத் தொகுத்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் இந்த வேறுபாட்டால் பருமன் கூடும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு தணிந்திருந்தது. மூணாற்றுச் சரிவில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்த பாட்டியிடமிருந்து நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கும் பேத்திக்கு அந்த எழுத்து அப்படியே வந்திருக்கலாம். பாட்டியின் உடம்பில் அது மெல்லப் பேசியிருக்கும். பேத்தியிடம் உரக்கப் பேசும். பெற்றது ஒன்றே, விளைவு வேறு.

அப்படியானால் எடை குறையாதவர் சோம்பேறிதானே என்பது அடுத்த கேள்வி. தணிவது வேறு, மறைவது வேறு. எடையோடு தொடர்புடைய இத்தகைய வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பல, மூளையில் பசியையே கூட்டுகின்றன. ஒரே தூரம் நடக்கும் இருவருக்கு ஒரே பலன் கிடைப்பதில்லை. தான் தேர்ந்தெடுக்காத பசிக்கு ஒருவரைக் குற்றவாளியாக்குவது அறமாகாது.

வள்ளுவர் ஊழை 38ஆம் அதிகாரத்திலும் முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமையை 62ஆம் அதிகாரத்திலும் வைத்தார். இவை முரண்பட்டவை என்பார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. அடுத்தவர் உடம்பைப் பார்க்கும்போது ஊழை நினைக்க வேண்டும், இழித்துப் பேசாமல் இருப்பதற்காக. நம் உடம்பைப் பார்க்கும்போது முயற்சியை நினைக்க வேண்டும், கைவிடாமல் இருப்பதற்காக. இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் இத்தனை பேரை நோகடித்திருக்கிறோம்.