பார்வை ஓர் அமானிதம்

ஓர் ஊருக்குப் போய் வந்தவரிடம், "அங்கே என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால் முன்பெல்லாம் உட்கார்ந்து விரிவாகச் சொல்வார்கள். இப்போது பையிலிருந்து கைபேசியை எடுத்து நம்மிடம் நீட்டிவிடுகிறார்கள். அதில் முந்நூறு படங்கள் இருக்கின்றன. விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். கட்டிடம் வருகிறது, கட்டிடத்தின் முன்னால் குடும்பம் வருகிறது, மறுபடியும் கட்டிடம் வருகிறது. "இதை யார் கட்டினார்?" என்று கேட்டால், "அங்கே பலகையில் எழுதியிருந்தது. அதையும் படம் பிடித்திருக்கிறேன், தேடிப் பாருங்கள்" என்று பதில் வருகிறது.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய செய்திதான். ஆயினும் ஒரு முஃமின் சற்று நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று இதனுள் இருக்கிறது. அல்லாஹ் சுப்ஹானஹு வதஆலா நமக்குக் கண்ணைத் தந்திருக்கிறான். செவி, பார்வை, உள்ளம் ஆகிய ஒவ்வொன்றைப் பற்றியும் நாளை விசாரணை உண்டென்று பனீ இஸ்ராயீல் சூராவில் எச்சரித்தும் இருக்கிறான். ஆகவே பார்வை என்பது நமது சொந்தச் சொத்தன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பார்க்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, பாராமல் படம் மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பினால் அந்த அமானிதத்தை நிறைவேற்றியவர்களாவோமா?

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உயிரற்ற பொருள்களின் உருவத்தை வரைவதற்குத் தடையில்லை என்பதற்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை நமது இமாம்கள் ஆதாரமாகக் காட்டியிருக்கிறார்கள். எனவே கோட்டை, கோபுரம், மரம், மலை ஆகியவற்றைப் படம் பிடிப்பதில் சிக்கல் இல்லை. மனிதர்களைப் படம் பிடிப்பதில்தான் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், கேமராப் படம் புதிதாக ஓர் உருவத்தைச் சமைப்பதன்று, இருக்கின்ற நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று கூறி அனுமதித்தார்கள். நமது நாட்டு உலமாக்களில் பலர், தேவைக்கு மட்டும் அனுமதித்து மற்றதைத் தடுத்திருக்கிறார்கள். அவரவர் தத்தம் உஸ்தாதுமார்களின் வழியைப் பற்றிக்கொள்ளட்டும். நாம் இங்கே எடுத்துக்கொண்டது ஜாயிஸா இல்லையா என்ற கேள்வியை அன்று. ஜாயிஸான ஒரு காரியமே நம்மிடமிருந்து எதையேனும் பறித்துக்கொண்டு போகிறதா என்பதையே.

எடுத்துக்காட்டாக ஹைதராபாத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மாலை ரயிலேறினால் மறுநாள் காலை இறங்கிவிடலாம். சார்மினார், மக்கா மஸ்ஜித், ஸாலார் ஜங் அருங்காட்சியகம், கோல்கொண்டா கோட்டை, குதுப்ஷாஹி அரசர்களின் அடக்கத்தலங்கள் ஆகிய அனைத்தையும் இரண்டே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமென்று நம் குடும்பங்கள் போகின்றன. தாராளமாகப் போகட்டும். பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி அருள்மறை பல இடங்களில் நம்மைத் தூண்டுகிறது. அந்தக் கட்டளையை நிறைவேற்றப் பொருத்தமான ஊர்களில் ஹைதராபாத்தும் ஒன்று.

கோல்கொண்டாவைப் பாருங்கள். 1518 முதல் 1687 வரை குதுப்ஷாஹி அரசர்கள் 8 பேர் ஆண்ட நாட்டின் கோட்டை அது. வைர வணிகத்தால் உலகெங்கும் பெயர் பெற்றது. அதன் கீழ்வாசலில் குவிமாடத்துக்கு அடியில் நின்று கைதட்டினால் குன்றின் உச்சியில் கேட்கும். ஆபத்து வருகிறதென்று மேலே இருப்பவர்களுக்கு அறிவிக்கச் செய்த ஏற்பாடு என்கிறார்கள். இன்று வழிகாட்டி கைதட்டிக் காட்டுகிறார். நாமும் கைதட்டி அதைப் படம் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறோம்.

இத்தனை காவல் இருந்த கோட்டை எப்படி விழுந்தது? 1687ல் அவுரங்கசீப்பின் படை சுமார் எட்டு மாதம் முற்றுகையிட்டும் மதில் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளேயிருந்த அதிகாரி ஒருவர் பொருளுக்கு விலைபோனார். இரவில் வாசல் திறக்கப்பட்டது. கல்லுக்கு வைத்த காவலை மனித உள்ளத்துக்கு வைக்க முடியவில்லை. கடைசி அரசரான அபுல் ஹஸன் தானாஷா சிறைபிடிக்கப்பட்டு, தௌலதாபாத் கோட்டையில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து மரணமடைந்தார். கோட்டைக்குச் சற்றுத் தொலைவில் அவருடைய முன்னோர்களின் அடக்கத்தலங்கள் பெரும் பெரும் குவிமாடங்களோடு வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் அவருக்கு மட்டும் இடமில்லை.

அங்கே போகிறவர்கள் இருக்கின்ற குவிமாடங்களையெல்லாம் படம் பிடித்து வருகிறார்கள். இல்லாத அந்த ஒரு கப்ரை எந்தக் கேமராவால் பிடிக்க முடியும்? ஆனால் அந்த இடத்தின் படிப்பினையே அங்கேதானே இருக்கிறது! அதைக் காண்பதற்குக் கண் மட்டும் போதாது, உள்ளமும் உடன் வர வேண்டும். குருடாவது முகத்திலுள்ள கண்களன்று, நெஞ்சிலுள்ள இதயங்களே என்று ஸூரத்துல் ஹஜ்ஜில் அல்லாஹ் உணர்த்துவது, பயணம் செய்வதைப் பற்றிப் பேசும் இடத்திலேயே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்கு வருவோம். மூன்றாம் ஸாலார் ஜங் நவாப் மீர் யூசுப் அலீ கான் ஆயுளெல்லாம் செல்வத்தைக் கொட்டிச் சேர்த்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. மணம் செய்துகொள்ளாத அவர் 1949ல் காலமானார். 1951ல் அவருடைய மாளிகையிலேயே அவை பொதுமக்களுக்காகத் திறந்து வைக்கப்பட்டன. 1968ல் மூஸி நதிக்கரையில் உள்ள இப்போதைய கட்டிடத்துக்கு வந்தன. அத்தொகுப்பில் பக்தாதின் புகழ்பெற்ற எழுத்தர் யாகூத் அல்முஸ்தஃஸிமீயின் கையெழுத்தென்று சொல்லப்படும் திருக்குர்ஆன் பிரதி ஒன்றும் உண்டு. அதில் ஜஹாங்கீர், ஷாஜஹான், அவுரங்கசீப் ஆகிய மூன்று பேரரசர்களின் கையொப்பங்கள் இருக்கின்றன. தகப்பன், மகன், பேரன் என்று மூவரும் 'இது என்னுடையது' என்று எழுதி வைத்ததுபோல் ஒப்பமிட்டார்கள். ஒப்பம் நிற்கிறது, ஒப்பமிட்ட கைகள் இல்லை. அந்தக் குர்ஆனிலிருந்து எவர் எவ்வளவு ஓதினாரோ, அவ்வளவே அவருடன் போயிற்று. நமது கைபேசியில் சேர்த்து வைக்கும் படங்களும் இப்படியே நமக்குப் பின் யார் கையிலேனும் கிடக்கப் போகின்றவை.

அதே அருங்காட்சியகத்தில் மக்கள் மொய்க்கும் இடம் இன்னொன்று. பழைய ஆங்கிலேயக் கடிகாரம் ஒன்று அங்கே இருக்கிறது. மணிக்கு ஒரு முறை அதனுள்ளிருந்து சிறு பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போய்விடும். பகல் பன்னிரண்டு மணியாகும்போது பன்னிரண்டு அடி என்பதால் கூட்டம் முன்கூட்டியே வந்து காத்திருக்கிறது; நூற்றுக்கணக்கான கைகள் கைபேசியை உயர்த்துகின்றன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ளுஹருடைய வக்து வருவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஒரு பொம்மை மணியடிப்பதற்காகக் கால் கடுக்கக் காத்திருக்கும் நம்மவர்களில், பாங்கோசைக்காகக் காத்திருப்பவர் எத்தனை பேர்?

பிரயாணிக்கு அல்லாஹ் எவ்வளவு இலேசாக்கி வைத்திருக்கிறான்! ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்க எண்ணாதவரை, நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபீ மத்ஹபில் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்க எண்ணுபவர் சுருக்கித் தொழ வேண்டும். இரண்டு நாள் பயணம் போகிறவருக்கு இரண்டே ரக்அத்! அதற்கும் நேரமில்லையென்று, மக்கா மஸ்ஜிதின் முற்றத்தில் புறாக்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, அந்தப் பள்ளியில் நெற்றியை வைக்காமலே திரும்புபவர்களை என்னவென்று சொல்வது? 1617ல் தொடங்கி 1694ல் முடிந்த பள்ளி அது. கல் சுமந்தவர்கள் எத்தனையோ தலைமுறையினர் ஸுஜூதுக்காகக் கட்டிய இடம், நமக்குப் படத்தின் பின்திரையாகிவிட்டது.

இதில் நம்மோடு முடியாத இன்னொரு பகுதியும் உண்டு. நாம் எடுக்கும் படத்தின் மூலையில் பிறர் விழுகிறார்கள். பள்ளி முற்றத்தில் துஆ கேட்டு அழுகின்ற பெண், தூணோரம் பசியோடு படுத்திருக்கும் முதியவர், வாசலில் கையேந்தி நிற்பவர். அவர்கள் நம்மிடம் அனுமதி தரவில்லை. நமது வாட்ஸ்அப்பில் அவர்களின் நிலைமை ஊர் ஊராகப் போகிறது. அடக்கத்தலங்களிலோ பிள்ளைகளைக் கப்ரின் மீதே உட்கார வைத்துப் படம் எடுப்போரும் உண்டு. கப்ரின் மேல் உட்காருவதைக் கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருக்கிறார்கள்; கப்ருகளை ஜியாரத் செய்யச் சொன்னதும் மறுமையை நினைவூட்டுவதற்காகவே.

இவ்விடத்தில் ஸஹாபாப் பெருமக்களின் குறுகிய பயணம் ஒன்றை நினைத்துப் பார்ப்போம். ஹழ்ரத் அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து மிஸ்ர் நாட்டுக்குப் போனார்கள். நைல் நதியையோ பிரமிடுகளையோ பார்க்கப் போகவில்லை. நாயகம் (ஸல்) அவர்களிடம் தாமும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்களும் கேட்டிருந்த ஒரேயொரு ஹதீஸை உறுதி செய்துகொள்ளப் போனார்கள். உக்பா அவர்களைக் கண்டார்கள், கேட்டார்கள், உடனே வாகனத்தைத் திருப்பிக்கொண்டு மதீனாவுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அந்த ஹதீஸின் பொருள் என்ன? ஒரு முஃமினின் குறையை இவ்வுலகில் மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்பதே. ஒரு மாபெரும் பயணத்திலிருந்து அவர்கள் கொண்டுவந்தது, மறைக்க வேண்டும் என்ற ஒரு வாக்கியம். நாம் இரண்டு நாள் பயணத்திலிருந்து கொண்டுவருவதோ, முன்பின் அறியாதோரின் மறைக்க வேண்டிய நிலைமைகளையும் சேர்த்தல்லவா?

"மறந்து போகாமலிருக்கத்தானே படம் எடுக்கிறோம்" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. 2014ல் அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் பேராசிரியை லிண்டா ஹென்கெல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சிலரை அருங்காட்சியகத்துக்குள் அழைத்துச் சென்று, சில பொருள்களைப் படம் பிடிக்கவும், சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, வெறும் கண்ணால் பார்த்தவையே நன்கு நினைவில் இருந்தன. முழுமையாகப் படம் பிடித்தவை குறைவாகவே நினைவிலிருந்தன. 'கருவி வைத்துக்கொள்ளும்' என்று மனம் தன் வேலையை விட்டுவிடுகிறது. ஒரு பொருளின் ஏதேனும் ஒரு பகுதியை நெருங்கிக் கவனித்துப் படம் எடுத்தவர்களுக்கு மட்டும் அந்த இழப்பு நேரவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகக் குறை கேமராவில் இல்லை, கவனமின்மையில் இருக்கிறது.

இப்னு பதூதா 1325ல் தாஞ்சியரிலிருந்து புறப்பட்டு நமது மதுரை வரைக்கும் வந்தவர். புகாராவில் உலமாக்களின் அடக்கத்தலங்களில் பொறித்திருந்தவற்றையெல்லாம் எழுதி வைத்திருந்தார். கடலில் கொள்ளையர்களிடம் அது பறிபோயிற்று. ஆயினும் ஊர் திரும்பிய பின் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு 1355ல் முடிந்த பயண நூலை உலகம் இன்றும் படிக்கிறது. கையிலிருந்தது போயிற்று, கண் கண்டது நின்றது.

அப்படியானால் படமே எடுக்கக் கூடாதா? அப்படி நாம் சொல்லவில்லை. முழங்கால் வலியால் வீட்டோடு இருக்கும் நன்னிமாவுக்கு மக்கா மஸ்ஜிதின் வளைவுகளைக் காட்ட ஒரு படம் எடுத்தால் அது அவர் மனத்தைக் குளிர்விக்கும் நற்செயல். கல்வெட்டைப் பிறகு நிதானமாகப் படிக்க ஒரு படம் எடுத்தால் அது கல்விக்கு உதவி. ஆனால், போக வசதியில்லாத உறவினர் பார்க்க வேண்டுமென்றே மணிக்கு ஒரு படமாக அனுப்பிக்கொண்டிருந்தால், அங்கே நிய்யத் மாறிவிட்டது. வெளிச்சம் பாய்ச்சாதீர்கள் என்று அருங்காட்சியகத்தில் எழுதி வைத்திருக்கும் இடத்தில் திருட்டுத்தனமாகப் பாய்ச்சினால், அங்கே அமானிதம் முறிந்துவிட்டது. பழைய மையும் பழைய துணியும் வெளிச்சத்தால் மங்கிவிடும் என்பதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள். நமக்குப் பின் வருகிறவர் பார்க்க வேண்டியதை நாம் தேய்த்துவிடலாமா?

ஆகவே அருமைச் சகோதர சகோதரிகளே! விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியூர் போகும்போது ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஓர் இடத்துக்குப் போனதும் கைபேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். முதலில் நில்லுங்கள், பாருங்கள். இதைக் கட்டியவர் யார், ஏன் கட்டினார், அவர் முடிவு என்னவாயிற்று என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கப்ராக இருந்தால் ஸலாம் சொல்லுங்கள். பள்ளியாக இருந்தால் இரண்டு ரக்அத் தொழுதுகொள்ளுங்கள். அதற்குப் பின்னும் படம் தேவையென்று தோன்றினால், பிறர் மானம் காத்து ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய இரவு, கைபேசியைத் திறக்காமல், பார்த்தவற்றைப் பிள்ளைகள் தம் வாயாலேயே நன்னிமாவிடம் சொல்லட்டும். எவ்வளவு சொல்ல முடிகிறதோ அவ்வளவே அவர்கள் பார்த்தது.

பார்த்ததிலிருந்து படிப்பினை பெறுகின்ற கண்ணையும், பெற்றதைப் பேணிக்கொள்கின்ற உள்ளத்தையும் வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.